தோணாக்கரையில் வெள்ளைச் சீலை

என் தங்கச்சி ஜெமீலாவைப் பற்றிச் எங்கள் ஊர் சாய்ந்தமருதில் யாரிடம் கேட்டாலும், "பாவம், அது வாயில்லாப் பூச்சி" என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாய் இல்லாதவளுக்குக் கண்ணும் இருக்காது என்று யார் சொன்னது? எனக்கு வாய் இருக்கிறது, ஊரறிய இருக்கிறது. ஆனால் அவள் குசினியில், அடுப்படிச் சன்னலுக்குப் பின்னால் குந்தியிருந்து கண்டுபிடித்ததை, நான் காலமெல்லாம் வாயடித்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண்பிள்ளைகள் உழைத்துத் தங்கச்சிமாருக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் தங்கள் கலியாணத்தைப் பற்றி மூச்சு விடுவார்கள். எங்கள் கூடப்பிறந்த அண்ணன் முத்தலிப் காக்கா, கல்முனைக் கடைத்தெருவில் சீலைக்கடை வைத்திருந்தார். எனக்கு ஒரு வீடு, அடுத்த வளவில் ஜெமீலாவுக்கு ஒரு வீடு, இரண்டும் அவர் கட்டியது. நடுவில் தென்னோலைக் கிடுகு வேலி, வேலியில் ஓர் ஆள் நுழையக் கடப்பு. அந்தக் கடப்பால் நான் போய்வராத நாள் கிடையாது.

எழுபத்தெட்டுச் சூறாவளி ஜெமீலாவின் வீட்டுக் கூரையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. வளவில் நின்ற தென்னைகளில் இரண்டைத் தவிர மற்றதெல்லாம் சரிந்தன. காக்கா மறுபடியும் வீட்டைக் கட்டினார். மாரி வெள்ளம் இனி உள்ளே வரக்கூடாது என்று தரையை உயர்த்த வேண்டியிருந்தது. அதற்கு மண்ணை வேறெங்கும் தேடாமல், ஜெமீலாவின் புருசன் அபுல் ஹஸன் மச்சான் பின்வளவின் கோடியிலேயே வெட்டினார். கடற்கரை ஊரல்லவா, கொஞ்சம் தோண்டினாலே ஊற்று வந்துவிடும். வீடு எழும்பி முடிந்தபோது பின்னால் ஒரு குளம் கிடந்தது.

மச்சான் அதை அப்படியே விட்டிருக்கலாம். அவர் அம்பாறைப் பக்கம் வேலைக்குப் போனபோது ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கழுவி எடுத்துப்போய், அங்கேயிருந்து திலாப்பியா மீன்குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார். பின்னேரமானால் குளத்து வரம்பில் குந்தி, சுருட்டை வாயில் வைத்துக்கொண்டு தவிடு தூவுவார். ஆள் அசையாமல் இருந்ததாலோ, சுருட்டு நாற்றத்தாலோ, அப்போது ஒரு பறவையும் அந்தப் பக்கம் வந்ததில்லை.

நெல் வேளாண்மை வெட்டு முடிந்த கையோடு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தவர் எழும்பவில்லை. ஜெமீலா இத்தாவுக்குள் போனாள். நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண் கண்ணில் படாமல், நகை நட்டில்லாமல், வெள்ளை உடுத்து வீட்டோடு இருக்க வேண்டும். நாலு வயசு மகள் அஸீஸாவை மடியில் வைத்துக்கொண்டு அவள் சுவரைப் பார்த்துக் குந்தியிருந்தாள்.

முத்தலிப் காக்கா நல்லவர். அதுதான் தொல்லை. கெட்டவரென்றால் சண்டை பிடித்துவிட்டுப் போய்விடலாம். மச்சானுக்குக் கத்தம் ஓதி முடிந்து ஆட்கள் போனதும், பின்கதவில் நின்று குளத்தைப் பார்த்தார்.

"புள்ள, இந்தக் குழியை மூடிப்போடுவம்" என்றார். "புள்ள விழுந்தா என்ன செய்யிற? நுளம்பும் பெருகிக் கடிக்கும். இனி இதை ஆரு பாக்கிற?"

"நான் பாப்பன், காக்கா" என்றாள் ஜெமீலா.

"நீ என்னத்துக்கு மீன் வளர்க்கணும்? நான் இரிக்கன்தானே. உனக்கும் புள்ளைக்கும் தேவையானது மாசா மாசம் வரும்."

அவர் சொன்னால் சொன்னதுதான், கட்டாயம் வரும். ஆனால் அதோடு அவருடைய சொல்லும் வரும். இன்னாரிடம் கதைக்காதே, அங்கே போகாதே, இதைச் சமைக்காதே. என் வீட்டுக்கே அவர் சொல் வேலி தாண்டி வருகிறது. புருசன் இல்லாத வீட்டுக்கு எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். ஜெமீலாவுக்கும் தெரிந்திருந்தது.

"இத்தா முடியட்டும், காக்கா. அது வரைக்கும் விடுங்க" என்றாள். அவ்வளவுதான்.

காக்கா யோசித்தார். "சரி. நீ வெளிய வாற அண்டைக்கு நானும் வருவன். மீன் கிடந்தா பாப்பம். இல்லாட்டி மண்ணைக் கொட்டிருவன். மறுகா அழப்படாது."

இப்படி முடிவாயிற்று. மீன் இருந்தால் குளம் இருக்கும். குளம் இருந்தால் அவள் கையில் ஒரு தொழில் இருக்கும். மீன் போனால் எல்லாம் போகும்.

காக்கா கடையிலிருந்து இத்தா உடுப்புக்கென்று வெள்ளைச் சீலை அனுப்பினார். அவர் எதையும் அளவாகச் செய்ய மாட்டார். ஒரு குடும்பமே இத்தா இருக்கலாம் போல ஒரு கட்டு வந்து இறங்கியது. எங்கள் மாமி சபியா உம்மா, இத்தாவை ஒழுங்காக நடத்திவைக்க வந்து தங்கியவர், முதல் வேலையாக உடுப்புக் கொடியை அவிழ்த்தார். இத்தாக்காரியின் உடுப்பு முன்வளவில் காயக்கூடாது, தெருவில் போகிற ஆம்பிளையின் கண் அதில் படக்கூடாது என்பது அவருடைய சட்டம். சூறாவளிக்குத் தப்பிய அந்த இரண்டு தென்னைக்கும் நடுவே கொடியைக் கட்டுவித்தார். அந்தத் தென்னைகள் குளத்தின் இரு கரையிலும் நின்றன. அன்றிலிருந்து வெள்ளைச் சீலைகள் குளத்துக்கு மேலே காய்ந்தன.

கொக்குகள் வரத் தொடங்கின.

முதலில் ஒன்றிரண்டு வந்தன. பிறகு கூட்டமாக வந்தன. வெள்ளைக் கொக்கு தாழ்ந்த கரையில் இறங்கி, ஒரு காலை மடக்கி, தொழுகைக்கு நிற்கிற மாதிரி அடக்கமாக நிற்கும். பார்த்தால் இதற்கா பாவம் செய்யத் தெரியும் என்று தோன்றும். கழுத்து நீள்வதுதான் தெரியும், திரும்பும்போது வாயில் மீன் துடிக்கும். நான் கடப்பால் ஓடிப்போய் விளக்குமாற்றை எறிவேன், வைவேன். அவை எழும்பி வேலிமேல் இருந்து, நான் திட்டி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டுத் திரும்ப இறங்கும்.

ஜெமீலா பகலில் வெட்டவெளியில் நிற்க மாமி விடமாட்டார். தேங்காய் பறிக்க அயல் வளவு மரத்தில் யாரும் ஏறினால் அவளைப் பார்த்துவிடுவானாம். ஆகவே அவள் குசினிச் சன்னலடியிலிருந்து குளத்துக்கு ஒரு கயிறு இழுத்தாள். கயிற்றில் வெற்றுப் பால்மாத் தகரப் பேணிகளைக் கட்டி, கொக்கு இறங்கும்போதெல்லாம் இழுத்தாள். கடகடவென்று சத்தம் போட்டது. கொஞ்ச நாளில் பேணிமேலேயே ஒரு கொக்கு ஏறி இருந்தது.

என் புருசன் ஜவுபர் கடலில் கரைவலை இழுக்கிறவர். "பழைய வலை கிடக்கு. குளத்துக்கு மேலால விரிச்சா முடிஞ்சுது கதை" என்று தோளில் போட்டுக்கொண்டு வந்தார். மாமி ஜெமீலாவை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். ஜவுபர் வலையை விரித்து, முளை அடித்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். இரண்டொரு நாளில் வலை தொய்ந்து தண்ணீரில் தொட்டது. கொக்குகள் அதன்மேல் ஏறி நின்று, கண்ணிகளுக்குள்ளால் கொத்தின. கால் நனையாமல் குந்தித் தின்னக் கதிரை போட்டுக் கொடுத்ததுதான் மிச்சம்.

"கெட்டப்போலால கல்லடிச்சு ஒண்டைச் சாத்தினா மற்றது வராது" என்றார் அவர், கோபம் வந்து. நான் போய் ஜெமீலாவிடம் சொன்னேன்.

"வேணாம், ராத்தா. அதுவும் பசிக்குத்தானே வருது" என்றாள்.

"உன்ட மீனைத் திங்கிற பசிக்கு நீ வக்காலத்தா?" என்று கத்தினேன். "காக்கா மண்ணோட வரக்குள்ள கொக்கா வந்து கதைக்கப்போகுது?"

அவள் சன்னலடிக்குப் போய்க் குந்தினாள். அஸீஸா அவள் முதுகில் சாய்ந்து தூங்கினாள். நான் வாய் வலித்து வீட்டுக்குப் போனேன்.

அவள் என்ன செய்தாள் என்றால், பார்த்தாள். காலையில் பார்த்தாள், பகலில் பார்த்தாள், பின்னேர அஸரோடு பார்த்தாள். கயிற்றையும் இழுக்கவில்லை. கொக்கு எங்கே இறங்குகிறது, எங்கே நிற்கிறது, எந்த நேரம் வருகிறது, எந்த நேரம் வரவில்லை என்று பார்த்துக்கொண்டேயிருந்தாள். எனக்கு அந்தப் பொறுமை ஏழு பிறப்புக்கும் வராது.

ஒரு பின்னேரம் நான் போனபோது, "ராத்தா, உடுப்புக் காயாத நாளில கொக்கு வாறல்ல" என்றாள்.

"என்ன கதை இது?"

"ஓம். மழை தூறின அண்டைக்கு உடுப்புப் போடல்ல. கொக்கும் ஒண்டே ஒண்டுதான் வந்திச்சி, அதுவும் நிக்கல்ல. மாமி எல்லாத்தையும் கழுவிப்போட்டா, அண்டைக்கு வரிசையா வருகுது. தூரத்தில பறக்கிற கொக்கு வெள்ளையைக் கண்டு, அங்க தன்ட ஆக்கள் மேயுது எண்டு நினைக்குது போல. என்ட உடுப்புத்தான் ராத்தா அதுகளைக் கூப்பிட்டுக் குடுக்குது."

நான் சிரித்தேன். பிறகு சன்னலால் பார்த்தேன். கொடியில் வெள்ளைச் சீலை காற்றில் எழும்பி எழும்பி இறங்கியது. மேற்கே வயல்பக்கமிருந்து வந்த இரண்டு கொக்கு, நேராகப் போனவை, திடீரென்று திரும்பி எங்கள் பக்கம் சரிந்தன. என் சிரிப்பு நின்றது.

மறுநாள் உடுப்பெல்லாம் குசினிக்குள் காய்ந்தது. மாமி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "புகை நாத்தம் பிடிச்ச சீலையோட தொழுறதா?" என்று முணுமுணுத்தார். குளத்துக்கு வந்த கொக்குகளை விரலில் எண்ணலாம். ஆனால் இடம் பழகிய சிலது விடவில்லை, வந்துகொண்டே இருந்தன. வெயில் காலம் முற்றி, வயல்களும் காய்ந்துகொண்டு வந்தன. பசித்த பறவைக்கு வேறு வழி காட்ட வேண்டியிருந்தது.

அப்போதுதான் என் தங்கச்சி, அந்த வாயில்லாப் பூச்சி, அந்தக் காரியத்தைச் சொன்னாள்.

ஊருக்குப் பின்னால் மழைத்தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் தோணா கிடக்கிறது. கோடையிலும் அதில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும், சள்ளல் மீன்கள் நிறைய உண்டு, மனிதர் யாருக்கும் உதவாதவை. "காக்கா தந்த சீலையில மிச்சம் கிடக்கு. அதைக் கிழிச்சுத் தோணாச் சேத்தில கம்பில கட்டி நடச் சொல்லுங்க, ராத்தா. கொக்கு நிக்கிற உயரத்துக்கு. என்ட உடுப்பில்ல, புதுச் சீலைதான். ஆரும் ஒண்டும் சொல்லேலாது."

நாங்கள் இருவரும் குசினியில் இருந்து சீலை கிழித்தோம். அவள் ஒரு துண்டை எடுத்து, கம்பின் தலையில் ஒரு முடிச்சுப் போட்டு, கீழே தளர விட்டாள். தூரத்தில் பார்த்தால் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கிற கொக்கேதான். ஜவுபர் அவற்றை அள்ளிக்கொண்டு போய் நட்டுவிட்டு வந்தார். "ஊரில என்னைப் பைத்தியம் எண்டு சொல்லப்போறாங்க" என்றார்.

சொன்னார்கள்தான். ஆனால் அடுத்த நாள் காலையில் தோணாவில் வெள்ளை வெளேரென்று கொக்கு. எது துணி, எது பறவை என்று தெரியவில்லை. ஜெமீலாவின் குளத்தில் ஒரு மீன்கொத்தி மட்டும் கொடிக்கயிற்றில் இருந்து, பாய்ந்து ஒரு குஞ்சைக் கொத்திக்கொண்டு போனது.

"அது ஒண்டு தின்னட்டும்" என்றாள் அவள். எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்ச வேண்டும் போல இருந்தது. கொஞ்சினேன். புகை நாற்றம் என் மூக்கில் ஏறியது.

காக்கா இரைந்துகொண்டு வந்தார்.

"தோணாக்கரையில செத்தவீட்டுக்குப் போல வெள்ளைக் கொடி கட்டிக் கிடக்கு. ஆரு மவுத் எண்டு ரோட்டில போற சனமெல்லாம் கேக்குது. கிட்டப் போய்ப் பாத்தா, என்ட கடைச் சீலை! இத்தாவுக்குத் தந்த சீலையைக் கொக்குக்கா உடுத்தீங்க?"

நான் வாயைத் திறந்தேன். ஜெமீலா என் கையைப் பிடித்தாள்.

"நீங்க அளவுக்கு மேல தந்தீங்க, காக்கா. மிச்சத்தை வீணாக்கல்ல" என்றாள்.

அவ்வளவு மெதுவாகச் சொன்னால் யார் சண்டை பிடிப்பது? காக்கா குடையை எடுத்துக்கொண்டு, "சரி சரி, முடியிற அண்டைக்குப் பாப்பம்" என்று போனார்.

முடிகிற நாள் ஒரு வெள்ளிக்கிழமை. ஜெமீலா தலைமுழுகி, காக்கா அனுப்பிய மருதமுனை நெசவுப் பச்சைச் சீலையை உடுத்தாள். அழுது ஓய்ந்த முகத்தில் அந்தப் பச்சை என்னவோ செய்தது, நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். தெருப் படலையில் உழவு இயந்திரத்தின் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் பின்பெட்டி நிறைய மண்! மீனைப் பார்க்க வருகிற மனிசன் மண்ணோடு வருவாரா? எனக்கு உச்சந்தலை சூடேறியது.

காக்கா ஜும்ஆத் தொழுகைக்குப் போகிற கோலத்தில், இடுப்பில் வெள்ளைச் சாரனும் மேலே வெள்ளைச் சட்டையுமாக, அத்தர் மணக்கக் குளத்து வரம்பில் வந்து நின்றார். தண்ணீர் பச்சைப் பாசியாகக் கிடந்தது. ஒரு சுழிப்பு இல்லை, ஒரு குமிழி இல்லை.

"எங்க புள்ள மீன்?"

ஜெமீலா தவிட்டை அள்ளித் தூவினாள். தவிடு பரவி மிதந்தது. ஒன்றும் வரவில்லை. இன்னொரு பிடி தூவினாள். ஒன்றுமே இல்லை. மாமி "யா அல்லாஹ்" என்றார். காக்கா பெருமூச்சு விட்டார். அதில் வெற்றி இல்லை, கவலைதான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

"சரி, அழாத" என்றார். "உழவு மெசின் பொடியன்ட சொல்லி மண்ணை..."

"காக்கா, நீங்க கொஞ்சம் பின்னால போங்க" என்றாள் ஜெமீலா.

"என்ன?"

"அந்தத் தென்னைக்குப் பின்னால போய் நில்லுங்க. கரையில வெள்ளையா நெட்டையா எதையும் கண்டா அதுகள் மேல வராது. கொக்கு எண்டு பயம்."

முத்தலிப் காக்காவை, கல்முனைக் கடைத்தெருவே எழும்பி நின்று சலாம் சொல்கிற மனிசனை, மரத்துக்குப் பின்னால் போய் ஒளியச் சொல்கிறாள்! அவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் போனார். மரம் ஒடுக்கம், அவர் அகலமானவர். சாரனைச் சுருட்டி முன்னுக்குப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினார்.

ஜெமீலா பச்சைச் சீலையோடு வரம்பில் குந்தினாள். மச்சான் குந்துகிற அதே இடம். அசையாமல் இருந்தாள். தவிட்டில் ஒரு வாய் திறந்து மூடியது. இன்னொன்று. பிறகு தண்ணீர் முழுக்கக் கொதித்தது. உள்ளங்கை அகலத்துக்கும் மேலே, முதுகு கறுத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் புரண்டன. அஸீஸா கைதட்டினாள். நான் வாய்விட்டு அழுதேன், வெட்கமில்லாமல்.

மரத்துக்குப் பின்னாலிருந்து காக்காவின் தலை மட்டும் நீண்டது.

"இவ்வளவையும் நீ உள்ளுக்க இருந்தா காப்பாத்தினாய்?" என்றார்.

"அல்லாஹ்தான், காக்கா" என்றாள். பிறகு எழும்பி, தாழ்ந்த கரையைக் காட்டினாள். அபுல் ஹஸன் மச்சான் மண் சுமக்க ஏறி இறங்கிய சரிவு அது. "கொக்கெல்லாம் இதில மட்டுந்தான் நிண்டிச்சி. மற்றக் கரை செங்குத்து, அதுக்கு நிக்க ஏலாது. சூறாவளியில விழுந்த தென்னங்குத்தி வளவெல்லாம் கிடக்கு. அதை இதில வரிசையா இறுக்கி நட்டு, பின்னால மண்ணை நிரப்பினா இந்தக் கரையும் செங்குத்தாயிரும். மேலால வேலி கட்டினா புள்ளையும் விழாது. மண்ணுக்குத்தான் என்ன செய்யிற எண்டு யோசிச்சிக்கிட்டு இருந்தன். நீங்க கொண்டுவந்திட்டீங்க."

குளத்தை மூட வந்த மண். அதை அவள் காக்காவின் முகத்தைப் பார்த்து, நன்றியோடு, தன் குளத்தின் காவலுக்குக் கேட்டாள். அதில் கேலி இருக்கிறதா என்று நான் உற்றுப் பார்த்தேன். ஒரு துளியும் இல்லை. நானாக இருந்தால் நிறைய இருந்திருக்கும்.

காக்கா ஜும்ஆவுக்குப் போனார். தொழுதுவிட்டு நேரே திரும்பி வந்தார். மண் சரிவுக்குப் பக்கத்தில் குவிந்து கிடந்தது. ஜவுபரும் உழவு இயந்திரக்காரனும் குத்திகளை உருட்டிக்கொண்டு வந்தார்கள். ஜெமீலா முக்காட்டை இழுத்துவிட்டு என் பக்கத்தில் நின்றாள். காக்கா சட்டையைக் கழற்றி வேலியில் போட்டார். தண்ணீரில் இறங்கக் காலை வைத்தவர் குனிந்து தன் வெள்ளைச் சாரனைப் பார்த்தார். காலைத் திரும்ப எடுத்தார்.

"புள்ள" என்றார் ஜெமீலாவைப் பார்த்து. "மச்சான்ட சாரன் ஒண்டு கிடக்கா? நிறமானது."

அவள் உள்ளே போனாள். வர நேரமெடுத்தது. வந்தபோது கையில் நீலக் கட்டம் போட்ட சாரன் மடிப்புக் குலையாமல் இருந்தது. மச்சானின் மற்ற உடுப்பையெல்லாம் மையித்து அடக்கிய அன்றே இல்லாதவர்களுக்குக் கொடுத்தாயிற்று. இதை அவள் வைத்திருந்தது எனக்கே தெரியாது. காக்கா அதை இரண்டு கையாலும் வாங்கி, மரத்துக்குப் பின்னால் போய் உடுத்திக்கொண்டு வந்து, இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்.

"முதல் குத்தியை எங்க வைக்கிற, புள்ள?" என்று கேட்டார். "நீ சொல்லு."

அவள் கையை நீட்டிக் காட்டினாள். முத்தலிப் காக்கா அங்கே போய் நின்றார்.